கட்டிப் பார்த்த பிறகே அச்சு: சாரணர் படைக்கு ஓர் இதழ் கொண்டுவருவது எப்படி?

பள்ளியில் சாரணர் படை இருக்கிறது, சனிக்கிழமை கூடுகிறது. படைக்கென்று ஓர் இதழ் போடலாம் என்று யாராவது ஆரம்பித்தால் முதல் வேலையாக அட்டைக்கு வண்ணப்படம் தேடுவார்கள். அடுத்து நான்கு பெரியவர்களிடம் வாழ்த்துச் செய்தி வாங்குவார்கள். முதல் இதழ் பளபளவென்று வரும். இரண்டாவது இதழ் வராது.

வாழ்த்துச் செய்தியைப் படிக்கப் பையன் இதழைத் திறப்பதில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவன் திறந்தால் கயிறு, கம்பு, சட்டி, வரைபடம் ஏதாவது ஒன்றைக் கையில் எடுக்க வழி தேடுகிறான். அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே விதியைச் சுற்றித்தான் வரும்: செய்து பார்க்காத எதையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

சாரணர் இயக்கம் பரவியதே அச்சுத்தாளால்தான். அதைத் தொடங்கிய பேடன்-பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சோதனை முகாம் நடத்திவிட்டு, 1908 ஜனவரி முதல் இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் தம் கையேட்டை வெளியிட்டார். அதைப் படித்த பையன்கள் யாரும் சொல்லாமலே அணி சேர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டு 'தி ஸ்கவுட்' வார இதழ் இங்கிலாந்தில் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1911-ல் தொடங்கிய 'பாய்ஸ் லைஃப்' 2021-ல் 'ஸ்கவுட் லைஃப்' என்று பெயர் மாறியது. அந்த இதழிடம் கற்க ஒன்று உண்டு: சின்னப் பையன்களுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என வயது பார்த்து இரண்டு பதிப்பு போட்டார்கள். நம்மால் இரண்டு பதிப்பு முடியாது. ஆனால் ஒரே இதழுக்குள் அதைச் செய்ய வழியுண்டு, கீழே வருகிறது.

பக்கக் கணக்கு

ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5, அதாவது 148 × 210 மில்லிமீட்டர். சட்டைப் பையில் நுழையாது, ஆனால் முகாம் பையில் கசங்காமல் கிடக்கும். ஒரு தாளுக்கு நான்கு பக்கம் என்பதால் மொத்தப் பக்கம் 8, 12, 16, 20 என்று நாலின் மடங்காகத்தான் வரும். முதல்முறை போடுவோர் 14 பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் இரண்டு பக்கத்தை எதால் நிரப்புவது என்று திண்டாடுவார்கள். வாழ்த்துச் செய்தி நுழைவதும் அந்த இடைவெளியில்தான்.

16 பக்கம் என்று வைத்துக்கொண்டால் இப்படிப் பிரிக்கலாம். 1 அட்டை. 2 உள்ளடக்கம். 3 அணிச் செய்தி. 4, 5 முடிச்சு அல்லது கட்டு. 6 மரம், பறவை. 7 முதல் 10 வரை குருளையருக்கு, அதாவது சாரணர் வயதுக்கு வராத சின்னப் பையன்களுக்கு. 11 நேர்காணல். 12, 13 நடைப்பயணம். 14 முகாம் சமையல். 15 புதிர். 16 நாட்காட்டி.

இதில் இரண்டு இடங்களை மட்டும் மாற்ற வேண்டாம். முடிச்சுப் பாடம் 4, 5 என எதிரெதிர்ப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இரு கையிலும் கயிறு பிடித்திருப்பவனால் பக்கம் புரட்ட முடியாது. 5, 6 என்று போட்டால் பாதி முடிச்சில் கயிற்றை விட்டுவிட்டுப் பக்கம் திருப்புவான், முடிச்சு அவிழ்ந்துவிடும். அடுத்தது, 7 முதல் 10 வரை நான்கும் நடுத்தாளில் வரும் பக்கங்கள். பின்னைத் தளர்த்தி அந்த ஒரு தாளை உருவினால் அதுவே குருளையருக்குத் தனி இதழ். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, படத்தைக் கூட்டி, வண்ணம் தீட்ட ஒரு காங்கேயம் காளை போட்டால் போதும்.

ஆண்டுக்கு மூன்று இதழ் போதுமானது: ஜூலைக் கடைசியில் ஒன்று, காலாண்டு விடுமுறை முடிந்து ஒன்று, பொங்கல் கழிந்து ஒன்று. பிப்ரவரிக்கு மேல் தேர்வுக் காலம், யாரும் எழுதித் தரமாட்டார்கள். பேடன்-பவல் பிறந்தநாளான பிப்ரவரி 22 சிந்தனை நாளுக்கான செய்தியைப் பொங்கல் இதழிலேயே சேர்த்துவிடலாம். மாத இதழ் என்று அறிவிப்பது வீண் வம்பு.

யார் எழுதுவது

அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், படையில் நான்கு அணி என்றால், ஒவ்வோர் அணிக்கும் இரண்டோ மூன்றோ பக்கம் ஒப்படைக்கலாம். அணித்தலைவர் பொறுப்பு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு மாணவ ஆசிரியரும், எழுத்துப்பிழை பார்க்க இருவரும் போதும். சாரண ஆசிரியர் தாமே உட்கார்ந்து எழுதிவிடக் கூடாது. எழுதினால் ஒரே இரவில் முடியும், அதோடு பையன்களின் இதழாக இருப்பதும் முடிந்துவிடும்.

அச்சுக்குப் போகும் நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வாரம் எண்ணுங்கள். முதல் வாரம் பக்கப் பங்கீடு. இரண்டும் மூன்றும் செய்து பார்த்து எழுத. நான்காவது வாரம் சோதனைக்கு. ஐந்தாவது தட்டச்சும் மெய்ப்பும். ஆறாவது அச்சு. தட்டச்சு தாமதமானால் எல்லோரும் கைவைப்பது நான்காவது வாரத்தில்தான். அதைக் காவு கொடுத்தால் கீழே சொல்வது எதுவும் நடக்காது.

செய்முறைப் பக்கம்

இதழின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ரீஃப் முடிச்சை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் பையன்கள் எழுதித் தருவது இப்படி இருக்கும்: "இரண்டு கயிற்றையும் எடுத்து ஒன்றை மற்றொன்றில் சுற்றி, பிறகு அதை இந்தப் பக்கம் விட்டு மறுபடியும் சுற்ற வேண்டும்." முடிச்சு தெரிந்தவனுக்கு இது புரியும், தெரியாதவனுக்குப் புரியாது. அதே பாடம் இப்படி இருக்க வேண்டும்:

1. வெள்ளைக் கயிற்றை இடக்கையிலும் கறுப்புக் கயிற்றை வலக்கையிலும் பிடி.
2. கறுப்பு நுனியை வெள்ளையின் மேலே போட்டு, அடியில் நுழைத்து எடு. கறுப்பு நுனி இப்போது இடப்பக்கம் வந்திருக்கும்.
3. இடப்பக்கம் வந்த அதே கறுப்பு நுனியை, வலப்பக்கம் இருக்கும் வெள்ளை நுனியின் மேலே போட்டு, அடியில் நுழைத்து எடு.
4. இரு பக்கமும் சீராக இழு.
5. சரிபார்: ஒவ்வொரு கயிற்றின் நுனியும் அதே கயிற்றின் உடலோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். நுனிகள் குறுக்கே நீட்டி நின்றால் அது கிரானி முடிச்சு. வழுக்கும், இல்லையென்றால் இறுகி அவிழ்க்க வராது. மூன்றாம் படியில் வெள்ளையை மேலே போட்டதுதான் காரணம்.

ஐந்தாவது படிதான் நிறைய இதழ்களில் இருக்காது. தப்பாகக் கட்டினோமா என்று பையன் தானே கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தப் பாடத்தால் பயனில்லை. முடிச்சு எதற்கு, எதற்கு ஆகாது என்று இரண்டு வரியும் தேவை: ரீஃப் முடிச்சு காயக்கட்டுக்கும் பொட்டலத்துக்கும் உரியது. இரண்டு கயிற்றை இணைத்து ஆள் பாரம் ஏற்ற ஆகாது.

படம் எடுக்கும்போது கட்டுபவனுக்கு எதிரே நின்று எடுக்காதீர்கள். இடது வலதாகிவிடும். அவன் தோளுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு ஏறி, அவன் கண் பார்க்கும் கோணத்தில் எடுக்க வேண்டும். ஒரு கயிற்றுக்கு நீலமோ கறுப்போ சாயம் ஏற்றிக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க்கயிறுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் படத்துக்கு அது உதவாது: பிசிறு நீட்டிக்கொண்டு எந்த இழை மேலே எது கீழே என்று தெரியவிடாது. பருத்திக் கயிறு, சுண்டுவிரல் தடிமன், பின்னால் வெள்ளை வேட்டி. இவ்வளவு போதும். கோட்டோவியம் வரையத் தெரிந்த பையன் இருந்தால் படமே வேண்டாம், அவன் வரைவதுதான் நன்றாக அச்சாகும்.

குறுக்காக வைத்த இரு மூங்கிலைக் கயிற்றால் கட்டும் ஸ்கொயர் லேஷிங் போன்ற பாடத்தில் அளவு முக்கியம். இரு கம்புகளின் விட்டத்தையும் கூட்டி, அங்குலத்துக்கு மூன்று அடி கயிறு என்பது கைக்கணக்கு. இரண்டு அங்குல மூங்கில் இரண்டு என்றால் 12 அடி. "தேவையான அளவு கயிறு" என்று எழுதினால் எட்டு அடியில் வெட்டிவிட்டு, மூன்று சுற்று முடிந்து இறுக்கும் சுற்றுக்குக் கயிறில்லாமல் நிற்பான்.

சமையல் பக்கத்திலும் இதே கதை. எட்டுப் பேருக்கு அரிசிம்பருப்பு சாதம் என்றால் அரிசி 1 கிலோ, துவரம்பருப்பு 300 கிராம், சின்ன வெங்காயம் கால் கிலோ, தக்காளி கால் கிலோ, எண்ணெய் 100 மில்லி, உப்பு இரண்டரை மேசைக்கரண்டி. தண்ணீரை லிட்டரில் சொல்லாதீர்கள், முகாமில் அளவுப்பாத்திரம் இருக்காது. அரிசியும் பருப்பும் அளந்த அதே டம்ளரால் ஒன்றுக்கு மூன்று பங்கு என்று எழுதுங்கள். அடுப்பு விறகாக இருந்தால் ஒரு டம்ளர் கொதிநீர் தனியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், திறந்த பாத்திரத்தில் நீர் வேகமாகச் சுண்டும். அடி பிடிப்பது கொதி வந்த பிறகும் தீயை இழுக்காமல் விடுவதால்தான். அதை எழுதாமல் "பக்குவமாக இறக்கவும்" என்று முடிப்பது அம்மாக்களுக்கு எழுதும் குறிப்பு, பையனுக்கு உதவாது.

சோதனை என்றால் என்ன? வேறு அணியில், அந்த முடிச்சோ சமையலோ தெரியாத மூன்று பேரிடம் எழுதிய தாளை மட்டும் கொடுங்கள். எழுதியவன் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. எந்தப் படியில் கை நிற்கிறதோ அங்கே பென்சிலால் புள்ளி. மூவரில் இருவர் ஒரே இடத்தில் தவறினால் தப்பு பையன்கள்மேல் இல்லை, வாக்கியத்தின்மேல். திருத்தி, இன்னும் பார்க்காத வேறு இருவரிடம் கொடுங்கள். முதல் மூவருக்கு இப்போது முடிச்சு தெரியும், அவர்கள் சோதனைக்கு ஆகமாட்டார்கள்.

நம்மூருக்குப் பொருந்துகிறதா

பழைய ஆங்கிலக் கையேட்டிலிருந்து எடுத்துப் போடும் பழக்கம் எல்லாப் படையிலும் உண்டு. எடுக்கலாம், ஆனால் ஊரை மாற்றிப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வடக்கைக் கண்டுபிடி என்று அவர்கள் எழுதியது லண்டன் வானத்துக்கு. அங்கே அது அடிவானத்திலிருந்து 51 பாகை உயரம். கோவையிலும் ஈரோட்டிலும் வெறும் 11 பாகை, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டியைவிடச் சற்றுக் கூடுதல். வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தாலே மறைந்துவிடும். அதற்குப் பதில் மார்கழி, தை இரவுகளில் ஓரையன் என்ற விண்மீன் கூட்டத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைச் சொல்லிக் கொடுங்கள். ஏறத்தாழ நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறைவன அவை.

நிழலை அளந்து மரத்தின் உயரம் காணும் கணக்கும் அப்படித்தான். 5 அடிக் கம்புக்கு 4 அடி நிழல், தென்னைக்கு 32 அடி நிழல், ஆக மரம் 40 அடி. நல்ல புதிர். ஆனால் கோவைப் பக்கம் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே இருக்காது. ஆகஸ்டில் கையில் கிடைக்கும் இதழில் "காலை 9 மணிக்குள் அளக்கவும்" என்று ஒரு வரி இல்லையென்றால் பையன் கம்பை நட்டுவிட்டுத் தலையைச் சொறிவான்.

மரம், பறவைப் பக்கத்துக்குத் தேட வேண்டியதே இல்லை. கிளுவை வேலி, கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல், கொழுக்கட்டைப் புல், மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான், பனங்காடை. எச்சரிக்கைகளும் இங்கேயே வர வேண்டும்: திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து, அரளிக் குச்சியைச் சமையலுக்கோ கிளறவோ தொடக் கூடாது. சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகள் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே நடக்கத் தூண்டும் எந்தக் கட்டுரையும் இதழில் வேண்டாம்.

நடைப்பயணமும் நேர்காணலும்

"சென்னிமலைக்குச் சென்றோம். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. மாலை வீடு திரும்பினோம்." இதை அப்படியே திருப்பிக் கொடுங்கள். அடுத்த அணி அந்த வழியே போக இது உதவுமா என்று மட்டும் கேளுங்கள். 1320 படி ஏற எத்தனை நிமிடம் ஆயிற்று, தண்ணீர் எங்கே கிடைத்தது, ஆளுக்கு எத்தனை லிட்டர் தீர்ந்தது, நிழல் எந்தப் பக்கம், குரங்கு எங்கே பையைப் பிடுங்கியது? வெள்ளோடு பறவைகள் காப்பகத்துக்குப் போனால் எந்த மாதம், எத்தனை மணிக்கு, எந்தப் பறவை, எத்தனை என்று எண்ணிக் குறிக்க வேண்டும். குறிப்பேட்டில் இடத்திலேயே எழுதாதது வீட்டுக்கு வந்தால் நினைவில் நிற்காது. கூடவே ஒரு கையளவு வரைபடம், வடக்குக் குறியோடு.

நேர்காணலுக்குக் காவல்துறை, ஆட்சியர் என்று ஓட வேண்டாம். பையன் வீட்டு அப்புச்சியிடமே (தாத்தாவிடமே) விஷயம் இருக்கிறது. அதை எடுக்கும் கேள்விதான் தெரிய வேண்டும். "வேலியின் முக்கியத்துவம் பற்றிக் கூறுங்கள்" என்றால் அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

"ஏனுங்க அப்புச்சி, இந்தக் கிளுவையை விதை போட்டா வெச்சீங்க?"

"வெதையெல்லாம் இல்ல கண்ணு. போத்து வெட்டி நட்டது. எங்கய்யன் காலத்து வேலி."

"போத்து எத்தனை அடிக்கு வெட்டோணுங்க?"

இப்படிப் போனால் மூன்றாவது கேள்விக்கு அவரே அரிவாளை எடுத்துக் காட்டப் போய்விடுவார். அவர் பேச்சை அச்சில் செந்தமிழாக மாற்றாதீர்கள். "போத்து" என்பது "கிளைத்துண்டு" ஆனால் சொல்லும் போச்சு, ஆளும் போச்சு.

கணினியிலும் மெய்ப்பிலும்

எழுத்து ஏ5-க்கு 12 புள்ளி, பக்கத்துக்குச் சுமார் 150 சொல். அதற்குமேல் திணித்தால் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். தமிழில் சொற்கள் நீளம், அதனால் பக்கத்தை நெடுவாக்கில் இரு பத்தியாகப் பிரித்து இருபுறமும் சமன்செய்தால் நடுவில் பல்லிளித்த மாதிரி இடைவெளி விழும். ஒரே பத்தி, இடப்பக்கம் மட்டும் சீர் என்று வையுங்கள். மடிப்புப் பக்கம் 15 மில்லிமீட்டர் ஓரம் விடுங்கள்.

முழுக்க யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப்பாக மட்டும் அச்சகத்துக்குக் கொடுங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்தால் அவர்களுடைய பழைய மென்பொருளில் "கொடி" என்பதன் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியே நிற்கும். படங்களை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். 10 சென்டிமீட்டர் அகலத்தில் தெளிவாக விழ படம் ஏறத்தாழ 1200 பிக்சல் அகலம் இருக்க வேண்டும்.

மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர வேண்டும். ல, ள, ழ-வும் ர, ற-வும் அப்போதுதான் கண்ணில் படும். செய்முறைப் பக்கத்தில் எண்களை மட்டும் தனியாக ஒருமுறை: 300 கிராம் 30 ஆனாலும் 3 கிலோ ஆனாலும் கணினி சும்மா இருக்கும்.

பையன்களின் படத்தோடு முழுப்பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் எதுவும் வேண்டாம். பெற்றோர் ஒப்புதலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாரத சாரண சாரணியர் சின்னத்தை அட்டையில் போடும் முன் மாவட்டச் செயலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அட்டையில் "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று அச்சிடுங்கள். கடையில் விற்கும் பருவ இதழாக மாற்ற நினைத்தால் பதிவு நடைமுறை தனி.

தாளும் அச்சும்

தாளுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள், பள்ளிபாளையத்திலும் ஆலை உண்டு. உள்ளே 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) போதும். 200 பிரதிக்கு நான்கு தாள் வீதம் 800 தாள், சேதாரம் 40. இரண்டு ரீம் (ரீமுக்கு 500 தாள்) வாங்கினால் மிச்சம் குறிப்பேட்டுக்கு ஆகும். வெளித்தாளை மட்டும் 120 ஜிஎஸ்எம் வண்ணத்தாளாக எடுத்தால் அட்டை கிடைத்துவிட்டது. திருப்பூரில் பனியன் டேக் அடிக்கும் அச்சகத்தில் வெட்டு மிச்ச அட்டை கிடைக்கும். ஆனால் அது 300 ஜிஎஸ்எம் அளவுக்குத் தடிமன். மடிப்புக்கோட்டில் முதலில் அழுத்தி வரி பதிக்காமல் (கிரீஸிங்) மடித்தால் முதுகில் வெடிக்கும்.

50 பிரதிக்குள் என்றால் ஜெராக்ஸ். நூறைத் தாண்டினால் வினாத்தாள் அடிக்கும் ரைசோ என்ற நகல் இயந்திரம் மலிவு. ரைசோவில் தாளின் முன்புறத்துக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று என மாஸ்டர் (அச்சுப் படிவம்) வேண்டும், நான்கு தாளுக்கு எட்டு. படத்தில் ஆட்களின் முகங்கள் கறுப்பாகத் தெரியும், ஆகவே குழுப்படம் தவிர்க்கவும். மை உடனே காயாது. ஒரு பக்கம் அடித்து இரவெல்லாம் விட்டு மறுநாள் பின்பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் தாள் ஈரம் உறிஞ்சிச் சுருளும், இயந்திரத்தில் சிக்கும். அடிக்கும்வரை ரீமைப் பிரிக்காமல் வையுங்கள்.

பக்கம் அடுக்கும் முறை 16-க்கு இது. முதல் தாள் வெளியே 16-1, உள்ளே 2-15. இரண்டாவது 14-3, 4-13. மூன்றாவது 12-5, 6-11. நான்காவது 10-7, 8-9. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ மாறியிருக்கிறது. இருபக்க அச்சில் குறுகிய ஓரத்தில் திருப்பும்படி அமைப்பு வேண்டும். நீள ஓரத்தில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக விழும். மொத்தமும் அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.

மடிப்பை ஸ்கேல் விளிம்பால் தேய்த்து, நீண்ட கை ஸ்டேப்ளரால் முதுகில் இரண்டு பின். வெளியிலிருந்து உள்ளே குத்த வேண்டும், மடங்கிய முனை 8, 9-க்கு நடுவே வரும். சாதாரண ஸ்டேப்ளரின் கை நடுவுக்கு எட்டாது. தாள் கூடக்கூட உள்தாள் வெளியே பிதுங்கும். கடைசியில் ஓரத்தை வெட்டச் சொன்னால் நேராகிவிடும்.

பிரித்துக் கொடுக்கும்போது அணிக்கு இரண்டு பிரதி கூடுதலாகக் கொடுங்கள், ஒன்று முகாம் பெட்டியில் கிடக்கட்டும். அலுவலகப் பிரதி மூன்று. அதில் ஒன்றில் சிவப்புப் பேனாவைச் செருகி, படைக்கூட்ட அறை ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். யாருக்கு எந்தப் படியில் கை நின்றதோ அவன் அங்கே புள்ளி வைத்துவிட்டுப் போகட்டும். அடுத்த இதழின் மூன்றாம் பக்கத்தில் முதல் செய்தியாகப் போவது அந்தத் திருத்தங்கள்.